இரண்டு கேல்லி போதும்: சிவ் 6-ல் முதல் போர்க்கப்பலை வேலை வாங்குவது எப்படி

சிவிலைசேஷன் 6 என்ற கணினி உத்தி விளையாட்டில் கடலோரத்தில் ஆட்டம் தொடங்கினால் பெரும்பாலானவர்கள் இரண்டில் ஒரு பக்கம் சாய்கிறார்கள். ஒரு சாரார் கடல் பக்கமே திரும்ப மாட்டார்கள்; மறுகரையில் நாலு நகரம் கட்ட இடம் சும்மா கிடக்கும், இவர்களுக்கு அது தெரியவே பாதி ஆட்டம் முடிந்திருக்கும். இன்னொரு சாரார் செய்லிங் தொழில்நுட்பம் (டெக்) கிடைத்த கையோடு ஐந்து கேல்லி, அதாவது ஆட்டத்தின் முதல் போர்க்கப்பல், கட்டிவிட்டு, அதை வைத்து என்ன செய்வதென்று தெரியாமல் துறைமுகத்தில் நிறுத்தி வைப்பார்கள். என்னோடு மல்டிபிளேயர் ஆடும் நண்பன் முதல் சாரார். நான் கேல்லியைக் கட்டத் தொடங்கினாலே, "மச்சான், இந்தத் தோணியை வச்சு என்னத்தைக் கிழிக்கப் போற?" என்பான். அவனுக்குச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் கட்சி இதுதான்: கேல்லி இரண்டு வேண்டும். ஒன்று போதாது, மூன்றாவது பெரும்பாலும் வீண். அந்த இரண்டையும் ஒரு டர்ன்கூட (ஒரு ஆட்டச் சுற்றுகூட) சும்மா நிற்க விடக் கூடாது. கீழே வரும் எண்களெல்லாம் ஸ்டாண்டர்ட் வேகத்தில், கேதரிங் ஸ்டார்ம் விரிவாக்கத்தைச் சேர்த்து ஆடும் ஆட்டத்துக்கானவை.

முதலில் கப்பலைப் பற்றி. கேல்லியின் விலை, நகரத்தின் உற்பத்திப் புள்ளியில் சொன்னால், 65 புரொடக்‌ஷன். தங்கம் கொடுத்து வாங்கினால் 260. பராமரிப்புச் செலவு டர்னுக்கு 1 தங்கம். போர் வலு 30, ஒரு டர்னில் 3 கட்டம் நகரும். கரையை ஒட்டிய நீரில் மட்டும்தான் ஓடும். கருநீலமாகத் தெரியும் ஆழ்கடலுக்குள் கார்ட்டோகிராஃபி வரும்வரை கால் வைக்க முடியாது. 30 என்பதைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். அந்தக் காலகட்டத்தில் வாரியரின் வலு 20தான். ஆதிகாலத்தில் ஒரு டர்ன் என்பது 40 வருடம். 40 வருடத்தில் மூன்று கட்டம் போகிற கப்பலைப் பார்த்துச் சிரிப்பு வரத்தான் செய்யும். ஆனால் காடு, மேடு, ஆறு என்று ஒவ்வொன்றிலும் தடுக்கி விழும் ஸ்கவுட்டோடு (வேவுப் படை) ஒப்பிட்டால், தடையே இல்லாத நீரில் மூன்று கட்டம் என்பது நல்ல வேகம்.

எப்போது கட்டுவது

செய்லிங் டெக்குக்கு முன்தேவை எதுவும் கிடையாது, விலையும் 50 சயின்ஸ்தான். கடலோரத்தில் ஒரு நகரம் நிறுவினால் அதற்கு யுரேகா, அதாவது ஆராய்ச்சிச் செலவில் ஒரு பகுதியைக் கழிக்கும் சலுகை, கிடைத்துவிடும். தலைநகரமே கரையில் அமைந்தால் முதல் டர்னிலேயே வேலை முடிந்தது. அதற்காக முதல் ஆராய்ச்சியே செய்லிங்காக இருக்க வேண்டும் என்று சொல்ல மாட்டேன். கரையோரத்தில் மீன், நண்டு, முத்து, திமிங்கிலம் என்று இரண்டு கடல் வளமாவது இருந்தால் சீக்கிரம் எடுங்கள். இல்லையென்றால் மைனிங், அனிமல் ஹஸ்பண்ட்ரி, ஆர்ச்சரி எது அவசரமோ அது முந்தட்டும்.

கட்டும் வரிசையில் கேல்லி முதல் இடத்துக்கு வரவே கூடாது. ஸ்கவுட், ஸ்லிங்கர், செட்லர் (புது நகரம் நிறுவுபவர்) இவை போன பிறகு பார்க்கலாம். நான் வழக்கமாகச் செய்வது: தலைநகரம் செட்லர் வேலையில் இருக்கும்போது, கரையில் அமைந்த இரண்டாவது நகரத்திடம் முதல் கேல்லியை ஒப்படைப்பேன். இளம் நகரத்தில் புரொடக்‌ஷன் சொற்பம் என்பதால் இழுக்கத்தான் செய்யும். அங்கேதான் பாலிசி கார்டு வருகிறது.

ஃபாரின் டிரேட் சிவிக் (டெக் போலவே, பண்பாட்டு வளர்ச்சிப் படி) முடிந்ததும் மேரிடைம் இண்டஸ்ட்ரீஸ் என்ற ராணுவக் கார்டு கிடைக்கும். ஆதிகால, கிளாசிக்கல் கால கப்பல்களுக்குப் புரொடக்‌ஷன் நூறு சதவீதம் கூடும், அதாவது இரட்டிப்பு. டர்னுக்கு 6 புரொடக்‌ஷன் தரும் நகரத்தில் ஒரு கேல்லிக்கு 11 டர்ன் ஆகும். கார்டு இருந்தால் 6 டர்ன். வித்தியாசம் சிறியதல்ல. ஒரு சிவிக் முடியும் தறுவாயில்தான் கார்டைக் காசில்லாமல் மாற்றலாம் என்பதால், போட்ட கார்டு சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாது. அந்தக் கார்டு இருக்கும் காலத்துக்குள் இரண்டு நகரங்களிலும் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு கேல்லியை முடித்துவிட்டு, அடுத்த சிவிக் முடிந்ததும் கார்டைத் தூக்கிவிடுங்கள். ராணுவ இடம் ஒன்றே ஒன்று இருக்கும் நேரத்தில் அதைக் கப்பலுக்கே எழுதி வைப்பது கட்டுப்படியாகாது.

கார்டு வரும்வரை முதல் கேல்லியைத் தள்ளிப்போடலாமா? பக்கத்தில் எந்தக் கரையும் தெரியவில்லை, தரையில் ஸ்கவுட்டும் முட்டிக்கொண்டு நிற்கிறது என்றால் தள்ள வேண்டாம். முதல் கப்பலை முழு விலைக்கே கட்டுங்கள். அது சீக்கிரம் போய்ச் சேர்க்கும் லாபம், மிச்சமாகும் சில டர்ன்களைவிடப் பெரியது.

ஏன் இரண்டு

ஷிப்பில்டிங்தான் காரணம். அந்த டெக்குக்கான யுரேகா: இரண்டு கேல்லி வைத்திருப்பது. மூல விலை 200 சயின்ஸ். யுரேகா கிடைத்தால் 40 சதவீதம், அதாவது 80 சயின்ஸ் கழிந்துவிடும். டர்னுக்கு எட்டோ பத்தோ சயின்ஸ் வரும் காலத்தில் அது கிட்டத்தட்ட எட்டு முதல் பத்து டர்ன் உழைப்பு. சராசரியாகப் பார்த்தால், இரண்டாவது கேல்லிக்குச் செலவழிக்கும் 65 புரொடக்‌ஷனை இந்த ஒரு வரவே ஈடுகட்டிவிடும்.

இதில் ஒரு நுணுக்கம். இரண்டும் ஒரே நேரத்தில் உயிரோடு இருக்க வேண்டும். முதலாவது பார்பேரியனிடம் (எந்த நாகரிகத்தையும் சேராத கொள்ளைப் படை) சிக்கி மூழ்கிய பிறகு இரண்டாவதைக் கட்டினால் கணக்கு ஒன்றுதான். ஆகவே இரண்டாவது முடியும்வரை முதலாவதை எந்தச் சண்டைக்கும் அனுப்பாதீர்கள். பார்த்துக்கொண்டு மட்டும் வரட்டும். இன்னொன்று, யுரேகா வருவதற்குள் ஷிப்பில்டிங்கை முழுதாக ஆராய்ந்து முடித்துவிடாதீர்கள். 60 சதவீதம், அதாவது 120 சயின்ஸ் ஏறியதும் வேறு டெக்குக்கு மாறிவிடுங்கள். இரண்டாவது கேல்லி நீரில் இறங்கிய நொடியில் மீதி தானாக நிரம்பும்.

ஷிப்பில்டிங் ஏன் இத்தனை முக்கியம்? செய்லிங்கோடு பில்டர்கள் மட்டும்தான் நீரில் இறங்க முடியும். டிரேடர்களுக்கு செலஸ்டியல் நேவிகேஷன் வேண்டும். செட்லரும் படைகளும் கடல் தாண்ட ஷிப்பில்டிங் வந்தாக வேண்டும். ஆக, இரண்டு கேல்லி உங்கள் செட்லருக்குக் கடல் கதவைத் திறக்கிறது; திறந்த பிறகு அந்த செட்லரைக் காவல் காத்து அழைத்துப் போவதும் அதே இரண்டு கேல்லிதான். போகிற இடத்தை முன்கூட்டியே பார்த்து வைத்ததும் அதுவே. என் கட்சியின் முழு நியாயமும் இந்தச் சுற்றில் அடங்கிவிடும்.

முதல் கேல்லி: கண்

முதலாவதை நேராக ஆய்வுக்கு அனுப்புங்கள். ஆட்டோ எக்ஸ்ப்ளோர் போடாதீர்கள். அது எதிரே வரும் கப்பலைப் பார்த்து ஒதுங்காது, நமக்கு எது முக்கியம் என்றும் அதற்குத் தெரியாது.

கரையை ஒட்டியே போகலாம், ஆனால் மலையும் காடும் பார்வையை மறைக்கும். கரையில் குன்றோ காடோ வரிசையாக நின்றால் அதற்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று கப்பலில் இருந்து தெரியாது. சமவெளி, புல்வெளி, ஆற்று முகம் வருகிற இடங்களில் மெதுவாகப் போய், காடு மூடிய கரையை வேகமாகக் கடந்துவிடுவது என் பழக்கம். ஆழ்கடல் குறுக்கிடும்போது திரும்பிவிடாமல், கரையோர நீர் எங்காவது ஒரு கட்ட அகலத்தில் நீள்கிறதா என்று பாருங்கள். தீவுகளுக்கு இடையே அப்படிப்பட்ட சங்கிலிகள் நிறைய இருக்கும்.

இந்தச் சுற்றுலாவில் கொட்டிக் கிடப்பது என்னென்ன என்று பாருங்கள். வேறொரு நாகரிகத்தைச் சந்தித்தால் ரைட்டிங்குக்கு யுரேகா. இயற்கை அதிசயம் ஒன்றைக் கண்டால் அஸ்ட்ராலஜிக்கு யுரேகா, கூடவே எரா ஸ்கோர் (காலகட்டச் சாதனைப் புள்ளி). இரண்டாவது கண்டம் கண்ணில் பட்டால் ஃபாரின் டிரேடுக்கு இன்ஸ்பிரேஷன் (சிவிக்குக்கு வரும் யுரேகா). மேரிடைம் இண்டஸ்ட்ரீஸ் கார்டே அங்கிருந்துதான் வருகிறது. மூன்று சிட்டி-ஸ்டேட்களை (ஒற்றை நகர அரசுகளை) சந்தித்தால் பொலிட்டிக்கல் ஃபிலாசஃபிக்கு இன்ஸ்பிரேஷன். முதல் உண்மையான அரசாங்கம் அந்த சிவிக்கில்தான் கிடைக்கிறது என்பதால் இதை மட்டும் யாரும் தவற விடக் கூடாது.

சிட்டி-ஸ்டேட் விஷயத்தில் இன்னொரு லாபம்: முதலில் சந்திப்பவருக்கு ஒரு தூதர் இலவசம். அறிவியல் வகை சிட்டி-ஸ்டேட்டில் ஒரே ஒரு தூதர் இருந்தாலே தலைநகருக்கு 2 சயின்ஸ் சேரும். ஆரம்பத்தில் மொத்த வருமானமே ஐந்தாறுதான் என்னும்போது இரண்டு என்பது ஒரு வரம். கடலோர சிட்டி-ஸ்டேட்களை ஏ.ஐ.யின் ஸ்கவுட் போய்ச் சேரும் முன்னால் கேல்லி பிடித்துவிடும், குறிப்பாகத் தீவில் தனியாக இருப்பவற்றை.

ஒரு கெடு உண்டு. எதிராளி எர்லி எம்பயர் சிவிக்கை முடித்ததும் அவர்களுடைய எல்லை மூடிவிடும். ஓப்பன் பார்டர்ஸ் ஒப்பந்தம் இல்லாமல் உங்கள் கப்பலும் உள்ளே நுழைய முடியாது. கரையோர நீரை அவர்கள் நகரம் ஒன்று முழுவதுமாக வளைத்துவிட்டால் உங்கள் பயணம் அத்தோடு முடிந்தது. அதனால்தான் முதல் கேல்லியைச் சீக்கிரம் கிளப்பச் சொல்கிறேன்.

கிராமங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தரையில் இருக்கும் பழங்குடிக் கிராமத்தைக் கேல்லி எடுக்க முடியாது, பார்க்க மட்டும்தான் முடியும். இடத்தைப் பின் போட்டு வைத்துக்கொண்டு ஸ்கவுட்டை அனுப்புங்கள்.

இரண்டாவது கேல்லி: காவல்

இரண்டாவதை வீட்டை விட்டு வெகுதூரம் அனுப்பாதீர்கள். கடலோரத்தில் உருவாகும் பார்பேரியன் முகாம்கள் கப்பல்களையும் அனுப்பும். அவை முதலில் குறி வைப்பது மீன்பிடிப் படகுகளைத்தான். ஒரு படகு சூறையாடப்பட்டால் அதைச் சரிசெய்ய பில்டர் திரும்பவும் கடலில் இறங்க வேண்டும், அவரையும் அவர்கள் பிடித்துக்கொண்டு போவார்கள். செலஸ்டியல் நேவிகேஷன் யுரேகாவுக்கு இரண்டு கடல் வளங்களை மேம்படுத்த வேண்டும் என்பதால், பில்டர் நீரில் இறங்கும் அந்தச் சில டர்ன்களில் கேல்லி பக்கத்தில் நின்றே ஆக வேண்டும். இருவரும் ஒரே கட்டத்தில் இருக்கும்போது ஃபார்மேஷனில் இணைத்துவிட்டால் தாக்குதல் முதலில் கப்பல் மேல்தான் விழும்.

பார்பேரியன் கப்பலோடு சண்டை என்றால் உங்கள் எல்லைக்குள் வந்த பிறகு போடுங்கள். காரணம் ஒன்றே: சிவ் 6-ல் கப்பல்கள் பொதுவாக நட்பு எல்லைக்குள் மட்டும்தான் காயம் ஆற்றிக்கொள்ளும். வெளியே அடிபட்ட கப்பல் எத்தனை டர்ன் நங்கூரம் போட்டு நின்றாலும் ஒரு புள்ளிகூட ஏறாது. எல்லைக்குள் நின்று அடித்தால் அடி வாங்கிய பிறகு இரண்டு டர்ன் ஓய்வெடுத்து மறுபடி இறங்கலாம். அவர்களால் அது முடியாது. டிசிப்ளின் கார்டு போட்டிருந்தால் பார்பேரியன்களுக்கு எதிராக 5 வலு கூடுதல், அது கப்பலுக்கும் பொருந்தும். மூன்று பார்பேரியன்களைக் கொன்றால் பிரான்ஸ் வொர்க்கிங் யுரேகா. கேல்லி கொன்றதும் அந்தக் கணக்கில் சேரும்.

முகாமையே அழிக்க நினைத்தால் தரைப்படை வேண்டும். கேல்லி தரையேறாது. கடல் பக்கம் தப்பும் கப்பல்களைக் கேல்லி மறிக்கட்டும், வாரியரும் ஆர்ச்சரும் தரைவழி போகட்டும்.

பதவி உயர்வு

முதல் புரமோஷனில் இரண்டு தேர்வு: எம்போலன், ஹெல்ம்ஸ்மேன். எம்போலன் கப்பல்களுக்கு எதிராக 7 வலு கூட்டும். ஹெல்ம்ஸ்மேன் ஒரு கட்டம் நகர்வு கூட்டும். ஊர் சுற்றும் கேல்லிக்கு ஹெல்ம்ஸ்மேன், வீட்டுக் காவலுக்கு எம்போலன். ஹெல்ம்ஸ்மேனுக்கு அடுத்த படியில் வரும் ரட்டர் பார்வையை நீட்டும். அது வரைக்கும் போனால் அந்தக் கப்பலை உயிரைக் கொடுத்தாவது காப்பாற்றுங்கள். மேல் படியில் இருக்கும் ஆக்ஸிலியரி ஷிப்ஸ் வந்தால் எல்லைக்கு வெளியேயும் காயம் ஆறும், ஆனால் ஆதிகாலத்தில் அதுவரை எட்டுவது அரிது. ஒரு புரமோஷனுக்கு மேல் வந்த கப்பலுக்குப் பார்பேரியன்களிடம் ஒரு சண்டைக்கு 1 அனுபவப் புள்ளிதான் கிடைக்கும்.

புரமோஷன் எடுத்த உடனே 50 உயிர்ப்புள்ளி ஏறும். மேலே சொன்ன காயம் ஆறாத சிக்கலுக்கு இதுதான் மருந்து. அனுபவம் நிரம்பிய கணத்திலேயே அவசரப்பட்டு அமுக்காமல், கப்பல் பாதிக்குக் கீழே அடிபடும்வரை புரமோஷனைக் கையில் வைத்திருங்கள். அந்த டர்ன் அத்தோடு முடிந்துவிடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். எடுத்துவிட்டு அடிக்க முடியாது.

குவாட்ரிரீம் வந்துவிட்டால்?

நண்பனின் நிரந்தரக் கேள்வி: "குவாட்ரிரீம் தூரத்திலிருந்தே அடிக்குமே, அதையே கட்டினால் என்ன?" விலையைப் பார்க்கச் சொல்வேன். குவாட்ரிரீம் 120 புரொடக்‌ஷன், கிட்டத்தட்ட இரண்டு கேல்லி. எறி வலு 25, வீச்சு ஒரே ஒரு கட்டம். நெருங்கி அடித்தால் அதன் சொந்த வலு 20தான்.

இந்த ஆட்டத்தில் சம வலுவுள்ள இருவர் மோதினால் சராசரியாக 30 புள்ளி சேதம். வலுவில் 10 கூடுதலாக இருந்தால் சேதம் 45-ஐத் தொடும், திரும்பி வாங்குவது 20 அளவில் நிற்கும். காயம் பட்டால் வலுவும் குறையும், 100 உயிர்ப்புள்ளியில் ஒவ்வொரு பத்துப் புள்ளிக்கும் ஏறத்தாழ ஒன்று. இதை வைத்துக் கணக்குப் போடுங்கள். கேல்லி முந்தி அடித்தால் குவாட்ரிரீம் ஒரே அடியில் பாதியாகிவிடும். பாதியான கப்பலின் எறியும் தளர்ந்துவிடும். மூன்றாவது அடியில் அது மூழ்கும்போது கேல்லி கந்தலாகவேனும் மிதந்துகொண்டிருக்கும். குவாட்ரிரீம் முந்தினால் கதை மாறும்: அதன் ஒவ்வொரு எறியும் பதிலடி இல்லாமல் 25 புள்ளியைக் கழிக்கும், கேல்லி அடிக்கும்போதெல்லாம் தானும் இருபதுக்கு மேல் இழக்கும், கடைசியில் மூழ்குவது கேல்லிதான். ஒண்டிக்கு ஒண்டி என்றால் முந்துகிறவன் வெல்கிறான்.

ஆகவே குவாட்ரிரீமுக்கு நேரே போய் அதன் வீச்சின் விளிம்பில் டர்னை முடிக்காதீர்கள். இரண்டு மூன்று கட்டம் தள்ளி, முடிந்தால் ஒரு முனைக்குப் பின்னால் மறைந்து நில்லுங்கள். அது நெருங்கி வந்து டர்னை முடிக்கட்டும். பிறகு இரண்டு கேல்லியும் சேர்ந்து ஒரே டர்னில் அடித்தால் பெரும்பாலும் அது திரும்பி எறியும் வாய்ப்பே இருக்காது. எம்போலன் இருந்தால் சந்தேகமே வேண்டாம். உயர்ந்த கடினநிலைகளில் ஏ.ஐ.க்குக் கூடுதல் வலு உண்டு, உச்ச நிலையான டெய்ட்டியில் 4. அங்கே இந்தக் கணக்கிலிருந்து கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள்.

அதற்காகக் குவாட்ரிரீமே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஒன்று கட்டலாம். குவாட்ரிரீமால் ஒரு படையைக் கொன்றால் நேவல் டிரடிஷன் சிவிக்குக்கு இன்ஸ்பிரேஷன் கிடைக்கும். கேல்லிகள் அடித்து நொறுக்கிய பார்பேரியன் கப்பலுக்குக் கடைசி எறியைக் குவாட்ரிரீம் போடட்டும். கிளாசிக்கல் காலத்து கிரேட் அட்மிரல் தரும் 5 வலு, ஒரு கட்ட நகர்வு எல்லாம் கிளாசிக்கல், இடைக்கால கப்பல்களுக்குத்தான். கேல்லி ஆதிகாலக் கப்பல் என்பதால் அட்மிரல் பக்கத்தில் நின்றாலும் அதற்கு ஒன்றும் கிடைக்காது. இது தெரியாமல் அட்மிரலுக்குப் பாயிண்ட் சேர்த்துவிட்டு, கேல்லி ஏன் பலம் பெறவில்லை என்று தேடுகிறவர்கள் நிறையப் பேர்.

நகரம் பிடித்தல்

நெருங்கி அடிக்கும் வகைக் கப்பல் என்பதால் கேல்லியால் கரையோர நகரத்தைக் கைப்பற்ற முடியும். குவாட்ரிரீமால் முடியாது. ஆனால் அந்த நகரத்தில் மதில் இருக்கக் கூடாது. மதில் எழுந்துவிட்டால் கேல்லியின் அடியில் சுமார் 15 சதவீதம்தான் மதிலில் இறங்கும். பேட்டரிங் ராம் தரைப்படைக்கு உதவும், கப்பலுக்கு உதவாது. மதில் இருந்தால் நகரமே திருப்பி எறியவும் தொடங்கும். ஆகவே எதிரி மேசன்ரிக்குப் போய் மதில் கட்டும் முன்பே முடிக்க வேண்டிய வேலை இது.

முறை எளிது. இரண்டு மூன்று ஆர்ச்சர்கள் தரையில் நின்று நகரத்தின் உயிரைக் கரைக்கட்டும். கடல் பக்கத்துக் கட்டங்களையும் சேர்த்துத்தான் முற்றுகை கணக்கிடப்படும். கடல் திறந்திருந்தால் நகரம் டர்னுக்கு 20 புள்ளி தேறிக்கொண்டே போகும். கேல்லியை அந்த நீரில் நிறுத்தினால் அதன் கட்டுப்பாட்டு வளையம் கடல் வாயை அடைத்துவிடும். கடைசி அடி கேல்லிக்கு. நகரம் விழுந்ததும் கப்பல் உள்ளே நுழைந்துவிடும். அது இப்போது உங்கள் எல்லை என்பதால் அங்கேயே காயமும் ஆறும். ஒவ்வொரு அடிக்கும் முன்னால் நகரத்தின் மேல் சுட்டியை வைத்துக் கணிப்பைப் பாருங்கள். திரும்பி வாங்கும் சேதம் உங்கள் மீதி உயிரைத் தாண்டினால் கையை எடுத்துவிடுங்கள்.

போர் நடக்கும்போது எதிரியின் படைகளோ செட்லரோ நீரில் மிதந்து வருவதைக் கண்டால் விட வேண்டாம். கடலில் இறங்கிய தரைப்படை பலவீனம், செட்லரைப் பிடித்தால் ஒரு நகரமே கைக்கு வந்த மாதிரி. கடல்வழி வணிகத்தைக் கொள்ளையடிக்கவும் முடியும், கிடைக்கும் தங்கம் ஆரம்பத்தில் நன்றாகவே உறைக்கும்.

நாகரிகத்துக்கு ஏற்ற மாதிரி

நார்வே என்றால் நான் சொன்ன "இரண்டு போதும்" கணக்கைத் தூக்கிப் போடுங்கள். அவர்களின் லாங்ஷிப் கேல்லியின் இடத்தில் வருவது, வலு 35. அவர்களின் தலைவர் ஹரால்டுக்கு நெருங்கி அடிக்கும் கப்பல்கள் மேல் 50 சதவீதப் புரொடக்‌ஷன் கூடுதல், கரையோரக் கட்டடங்களைச் சூறையாடும் திறன், எவருக்கும் சொந்தமில்லாத நீரில் காயம் ஆறும் வசதி எல்லாம் உண்டு. ஷிப்பில்டிங் வந்தாலே ஆழ்கடலும் திறந்துவிடும். நாலைந்து கட்டி ஊர் ஊராகக் கொள்ளையடிக்க வேண்டியதுதான்.

ஃபினீஷியாவின் பைரீமும் 35 வலு, நகர்வு 4, பக்கத்தில் போகும் வணிகர்களைக் கொள்ளையிலிருந்து காக்கும். கண்ணாக அனுப்ப இதைவிட நல்ல ஆதிகாலக் கப்பல் இல்லை. மாவோரிகள் செய்லிங், ஷிப்பில்டிங் இரண்டையும் கையோடு கொண்டுவந்து ஆழ்கடலில்தான் ஆட்டத்தையே தொடங்குகிறார்கள்; இரண்டு கேல்லி யுரேகா அவர்களுக்குத் தேவையே இல்லை.

இந்தியாவுக்குத் தனிக் கப்பல் கிடையாது, வாரு யானைதான். 1025-இல் ஸ்ரீவிஜயம் வரை கப்பல் விட்டவர்களின் மண்ணுக்கு இந்த ஆட்டத்தில் ஒரு தோணிகூட ஒதுக்கவில்லை என்ற வருத்தம் எனக்கு நெடுநாளாக உண்டு. சோழர்கள் சிவ் 7-ல்தான் தனி நாகரிகமாக வந்து சேர்ந்தார்கள்.

வரைபடமும் முக்கியம். ஒரே பெருங்கண்டமான பேஞ்ஜியாவில் உள்நாட்டுத் தொடக்கம் என்றால் கேல்லியே வேண்டாம். ஆர்க்கிபெலகோ, ஐலண்ட் பிளேட்ஸ் போன்ற தீவு வரைபடங்கள் என்றால் மூன்றாவதும் நியாயம்.

பழைய கப்பலை வைத்திருப்பதா?

கேல்லிக்கு அடுத்த படி கேரவல். நடுவே கிளாசிக்கல் காலத்திலும் இடைக்காலத்திலும் அந்த வரிசையில் வேறு கப்பலே இல்லை. அதனால் ஆதிகாலத்தில் கட்டிய கேல்லி கார்ட்டோகிராஃபி வரும்வரை உங்களுக்கு இருக்கும் ஒரே நெருங்கி அடிக்கும் கப்பல். டர்னுக்கு 1 தங்கம் மிச்சம் பிடிக்கிறேன் என்று கலைத்துவிடாதீர்கள். மேத்தமேட்டிக்ஸ் வந்தால் எல்லாக் கப்பலுக்கும் ஒரு கட்ட நகர்வு கூடும். பழைய கேல்லியும் 4 கட்டம் ஓடும்.

கார்ட்டோகிராஃபிக்கு யுரேகா இரண்டு ஹார்பர். அந்த டெக் வந்ததும் எல்லாக் கப்பல்களுக்கும் ஆழ்கடல் திறந்துவிடும், கேல்லிக்கும்தான். ஆகவே மேம்படுத்தக் காசு இல்லையே என்று ஆய்வை நிறுத்த வேண்டாம். கேல்லியாகவே ஆழ்கடலில் இறங்கிப் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிடலாம். தங்கம் சேர்ந்ததும் மெர்சினரீஸ் சிவிக்கில் கிடைக்கும் புரொஃபெஷனல் ஆர்மி கார்டைப் போடுங்கள், மேம்படுத்தும் செலவு பாதியாகும். இரண்டு கேல்லியையும் முன்கூட்டியே உங்கள் எல்லைக்குள் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, கார்டு போட்ட டர்னிலேயே இரண்டையும் கேரவல் ஆக்கிவிடுங்கள். சம்பாதித்த புரமோஷன்கள் அப்படியே தங்கும். ரட்டர் எடுத்த அந்தப் பழைய கப்பல் இருந்தால் அதை முதலில் மாற்றி, கடல் தாண்டி அனுப்புங்கள்.